நடுவில் சர்வர் இல்லாமல் ஃபைல் வந்து சேர்ந்த அனுபவம் உண்டா? பியர்-டு-பியர் பார்த்தவர்கள் எழுதுங்கள்

பசுமலைக்காரன்

டிசி பிளஸ் பிளஸ் என்ற ஃபைல் பகிரும் மென்பொருளை ஓட்டியவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஹாஸ்டலுக்குள்ளேயே ஓடுகிற லேன் நெட்வொர்க், மூன்றாம் மாடியில் ஒரு சீனியர் ரூமில் ஹப், அதாவது யாரிடம் என்ன இருக்கிறது என்று கோர்த்துவிடுகிற மெஷின். பரீட்சைக்கு முந்தின ராத்திரி எதிர் பிளாக்கில் ஒருவரிடமிருந்து பழைய கேள்வித்தாள்களை இறக்கிக்கொண்டிருக்கிறேன், ஹப் மெஷின் நின்றுவிட்டது. ஆட்களின் பட்டியல் காலி. தேடினால் ஒன்றும் வரவில்லை. கீழே அந்த டவுன்லோட் மட்டும் ஓடிக்கொண்டே இருக்கிறது! தரகர் இரண்டு வீட்டையும் அறிமுகப்படுத்திவிட்டு ஊருக்கு பஸ் ஏறிவிட்டார், இங்கே சம்பந்தம் பேசுவது நிற்கவில்லை. தூங்கிக்கொண்டிருந்த ரூம்மேட்டை எழுப்பி அந்தப் பட்டை நகர்வதைக் காட்டினேன். இதே மாதிரி பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

அலங்காநல்லூர் டீச்சர்

எங்கள் பள்ளி லேப்பில் எல்லா மெஷினுக்கும் லினக்ஸ் ஏற்ற வேண்டியிருந்தது. லினக்ஸை ஏற்றுவதற்கான ஐஎஸ்ஓ ஃபைல் என் மெஷினில் மட்டும். நெட் கிடையாது. பழைய மாணவர் ஒருவர் வந்து டோரன்ட், அதாவது மெஷின்கள் தங்களுக்குள்ளேயே ஃபைலைப் பகிர்ந்துகொள்ளும் பிட்டோரன்ட் மென்பொருளைப் போட்டுக் கொடுத்தார். நெட் இல்லாமல் டோரன்டா என்று கேட்டால், "லேன்ல ஒரு சத்தம் கொடுத்தாப் போதும் டீச்சர், மத்த மெஷின் எல்லாம் பதில் சொல்லிரும்" என்றார்.

பாதி தாண்டியிருக்கும். பெஞ்சுக்கு அடியில் போன பையன் காலில் ஒயர் மாட்டி என் மெஷின் அணைந்துவிட்டது. மற்ற எதிலும் ஃபைல் முழுசாக இல்லை. ஒன்றில் முக்கால்வாசி, ஒன்றில் அரைவாசி. நான் பிளக்கைத் தேடிக் குனிகிறேன், பிள்ளைகள் கத்துகிறார்கள்: "டீச்சர், ஏறுது, ஏறுது!" ஒன்றிடம் இல்லாத துண்டை இன்னொன்று கொடுக்கிறது. கொஞ்ச நேரத்தில் எல்லாத் திரையிலும் நூறு. முழு ஃபைல் வைத்திருந்த ஒரே மெஷின் அணைந்தே கிடக்கிறது.

அந்த மாணவர் சொன்ன காரணம் இது. ஃபைலைச் சிறு துண்டுகளாக வெட்டிவிடுகிறார்கள். குறைவான ஆட்களிடம் இருக்கிற துண்டை முதலில் கேட்டு வாங்க வேண்டும் என்பது விதி. அதனால் என் மெஷின் அணைவதற்குள் ஒவ்வொரு துண்டும் எங்காவது ஒரு மெஷினுக்காவது போய்ச் சேர்ந்திருந்தது. பிராம் கோஹென் 2001இல் வெளியிட்ட பிட்டோரன்டின் உயிரே இந்த விதியில்தான் இருக்கிறது என்பேன்.

ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி கேட்டாள்: "இப்பப் புதுசா ஒரு மெஷின் வந்தா யார்கிட்டப் போய்க் கேக்கும்?" லேனில் சரி. வெளியே, இவ்வளவு பெரிய இன்டர்நெட்டில்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

சிம்மக்கல் டிடிபி

பசுமலை தம்பி, ஹப் வைத்து ஓட்டியதையெல்லாம் பியர்-டு-பியரில் சேர்க்கக் கூடாது. 1999இல் வந்த நாப்ஸ்டரும் அப்படித்தான். பாட்டு ஆள் விட்டு ஆள் நேராகப் போனது, எந்தப் பாட்டு யாரிடம் என்ற பட்டியல் மட்டும் கம்பெனி சர்வரில். அந்த ஒரு இடத்தைப் பிடித்துத்தான் பாட்டுக் கம்பெனிகள் கோர்ட்டில் அடித்தன, 2001 ஜூலையில் சேவை நின்றது. 2000 மார்ச்சில் வந்த நுடெல்லாதான் அசல். அதில் பட்டியல் சர்வரே கிடையாது. உங்கள் மெஷின் பக்கத்து மெஷினிடம் கேட்கும், அது தன் பக்கத்தில் கேட்கும், இப்படி ஏழு தாவல் வரை போகும். ஆள் கூடக்கூட அந்தக் கேள்விகளே லைனை அடைத்தன, டயல்அப் வைத்திருந்தவர்கள் திணறிப்போனார்கள். வேகமான மெஷின்கள் சிலவற்றை முன்னால் நிறுத்தி, கேள்விகளை அவற்றுக்குள்ளேயே முடித்துக்கொண்ட பிறகுதான் மூச்சு விட முடிந்தது.

என் அனுபவம் சின்னது. 2012, கரண்ட் போகாத நாளே இல்லை. கடையில் ஒரு ஐஎஸ்ஓ இறக்கினேன். ஒவ்வொரு தடவை கரண்ட் வந்ததும் டோரன்ட் ஏற்கெனவே வந்த துண்டுகளை ஒவ்வொன்றாகச் சரிபார்த்து, கெட்டுப்போனதை மட்டும் தூக்கி எறிந்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடரும்.

மேலூர்ப் பொண்ணு

சிம்மக்கல் அண்ணே, அப்படிப் பார்த்தால் நீங்கள் சொல்கிற அந்த வேகமான மெஷின்களும் நடு ஆள்தானே? அதற்காக அது பியர்-டு-பியர் இல்லை என்று ஆகிவிடுமா?

2003இல் வந்த ஸ்கைப்பும் அந்த வழிதான். பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து சிங்கப்பூரில் இருக்கிற எங்கள் அண்ணனிடம் பேசுவோம். ஒரு நாள் பேசி முடித்த பிறகும் மோடம் லைட் விடாமல் துடித்தது. யாரும் பேசாத நேரத்தில் டேட்டா போய் வருவதைக் கடைக்காரர் திரையில் காட்டினார். "வேற யாரோ பேசுறதுக்கு நம்ம மெஷின் ஒத்தாசை பண்ணுதும்மா" என்றார். எனக்குச் சிலிர்த்துவிட்டது. நம் மேலூர்க் கடை முகம் தெரியாத யாரோ ஒரு குடும்பத்துக்கு உதவுகிறது! இப்படி மற்றவர்களுக்கு உதவுகிற மெஷினுக்கு சூப்பர்நோடு என்று பெயர்.

2007 ஆகஸ்டில் விண்டோஸ் அப்டேட் முடிந்து ஊர் உலகத்து மெஷின்கள் ரீஸ்டார்ட் ஆகி, எல்லாம் ஒன்றாக லாகின் கேட்டபோது, மென்பொருளில் இருந்த ஒரு பிழையும் சேர்ந்து ஸ்கைப் வலை இரண்டு நாள் விழுந்து கிடந்தது. 2012இல் மைக்ரோசாஃப்ட் சூப்பர்நோடு வேலையைத் தன் சர்வர்களுக்கு மாற்றிக்கொண்டது.

திருநகர் நெட்வொர்க்

டீச்சர், இந்தத் திரியிலேயே பெரிய கேள்வி அந்தப் பிள்ளை கேட்டதுதான். முதலில் ட்ராக்கர் என்ற சர்வர் அதற்குப் பதில் சொன்னது. ட்ராக்கர் போனால் வழி போச்சு. 2002இல் மேமௌன்கோவ், மசியேர் என்ற இருவர் கடெம்லியா என்று ஒரு முறையை எழுதினார்கள். ஒவ்வொரு மெஷினுக்கும் 160 பிட் எண், ஃபைலுக்கும் அதே மாதிரி எண். ஃபைலின் எண்ணுக்கு நெருங்கிய எண் கொண்ட மெஷின்கள், அது யார் யாரிடம் இருக்கிறது என்ற குறிப்பை வைத்துக்கொள்ளும். ஒவ்வொரு முறை கேட்கும்போதும் மிச்ச தூரம் பாதியாகும். பத்து லட்சம் மெஷின் இருந்தாலும் சுமார் 20 கேள்வியில் போய்விடலாம். 2005 முதல் இது டோரன்டில் இருக்கிறது. ஆனாலும் புதிதாக வருகிற மெஷினுக்கு முதல் முகவரி ஒன்றாவது வேண்டும், அதை மென்பொருளிலேயே எழுதி வைத்திருப்பார்கள். 2009இல் ஓடத் தொடங்கிய பிட்காயினிலும் அப்படித்தான். ஆகவே சிம்மக்கல் அண்ணன் சொல்கிற சுத்தமான பியர்-டு-பியரை நான் எங்கேயும் பார்த்ததில்லை.

என் கதை ஒரு வரி. லினக்ஸ் ஐஎஸ்ஓவை மற்றவர்கள் எடுத்துக்கொள்ளும்படி சீட் போட்டிருந்த ராத்திரி, பட்டியலில் ஒரு பிரேசில் கொடி, அதன் பக்கத்தில் அப்லோட் எண் ஏறிக்கொண்டே போகிறது. அவர் முடிக்கும்வரை நான் மெஷினை அணைக்கவில்லை.

அப்புறம், எல்லோருக்கும் ஒன்று. இறக்கி முடித்ததும் மூடிவிடாதீர்கள், வாங்கிய அளவாவது திருப்பிக் கொடுங்கள். வெளியிலிருந்து யாரும் உங்களிடம் வரவில்லையென்றால் ரூட்டரில் வெளி முகவரியைப் பாருங்கள். 100.64 முதல் 100.127 வரைக்குள் ஆரம்பித்தால் அது சிஜி-நாட். ஒரே பொது முகவரியைப் பல வீட்டுக்குப் பங்கு போட்டிருக்கிறார்கள், வீட்டு ரூட்டரில் போர்ட் (வெளியிலிருந்து உள்ளே வரும் வழி) திறந்து பயனில்லை. ஐபிவி6 (முகவரியைப் பங்கு போடத் தேவையில்லாத புதிய முகவரி முறை) இருந்தால் ஆன் பண்ணுங்கள். அப்லோடை முழு வேகத்துக்கு விட்டால் டவுன்லோடும் திணறும், கொஞ்சம் குறைத்து வையுங்கள். துண்டு சரிபார்ப்பை நம்பி மட்டும் இருக்காதீர்கள், டோரன்ட் ஃபைலே போலியென்றால் அது பிடிக்காது. லினக்ஸ் தளத்தில் போட்டிருக்கிற செக்சம் என்ற சரிபார்ப்பு எண்ணோடு ஐஎஸ்ஓவை ஒப்பிட்டுவிட்டு ஏற்றுங்கள். டீச்சர், அடுத்த முறை இரண்டு மெஷினில் முழு ஃபைலை வைத்துவிட்டு லேப்பை ஆரம்பியுங்கள், அந்த ஒயரையும் சுவரோரமாக டேப் போட்டு ஒட்டிவிடுங்கள்.