மறு: மறு: ‘புரோஜெனிட்டர்’ தமிழில்?

வணக்கம். வெள்ளிக்கிழமை மொழிபெயர்ப்பை ஒப்படைக்க வேண்டும். கோள்வடிவ நெபுலாவின் (முதிர்ந்த விண்மீன் உதறிய வாயு முகில்) நடுவே இரண்டு வெண்குறுமீன்கள் (எரிபொருள் தீர்ந்து சுருங்கிய விண்மீன்கள்) நெருங்கிச் சுற்றுகின்றன. பின்னாளில் அவை ஒன்றாகி சூப்பர்நோவாவாக வெடிக்கலாம். இந்த இணையைத்தான் ‘புரோஜெனிட்டர்’ என்கிறார்கள். ‘மூதாதை விண்மீன்’ என்று எழுதியிருக்கிறேன். சரிதானா?

----

மூதாதை என்றால் வழிவழியாகப் பிள்ளைகுட்டி வேண்டும். இங்கே எல்லாமே சிதறிப் போகிறது. அப்புறம், ‘தாதை’ வடசொல். ‘வெடிமீன்’ போதும். நெபுலாவையும் ‘ஒண்முகில்’ ஆக்குங்கள்.

----

‘வெடிமீன்’ வினைத்தொகை ஐயா! வெடித்த, வெடிக்கின்ற, வெடிக்கும் என்று மூன்று காலமும் அதற்குள் அடக்கம். நமக்கு வேண்டியது வெடிப்புக்கு முந்தைய நிலை மட்டும். ‘கருமீன்’ எப்படி?

----

வகுப்பில் கறுப்பு மீன் என்றுதான் படிப்பார்கள். கருந்துளை வேறு அடுத்த பாடத்தில் இருக்கிறது.

----

மீன் என்றதும் நினைவு வந்தது. சங்கப் பாடல்களில் கற்புக்கு உவமையாகும் வடமீனுக்கே, அதாவது அருந்ததிக்கே, ஒரு மங்கலான துணைமீன் இருப்பதை 2009இல் கண்டறிந்தார்கள். உரையாசிரியர்கள் இருந்திருந்தால் என்ன செய்திருப்பார்களோ!

----

அருந்ததியை விடுங்கள். வெடிக்குமா என்பதே உறுதியில்லையே! ஹெனைஸ் 2-428 நெபுலாவின் இணை 4.2 மணி நேரத்துக்கு ஒருமுறை சுற்றுகிறது. மொத்த நிறை சூரியனைப் போல் 1.76 மடங்கு, சுமார் 70 கோடி ஆண்டில் இணைந்துவிடும் என்று 2015இல் அறிவித்தார்கள். வெண்குறுமீன் நிலைத்திருக்கக்கூடிய உச்ச நிறையான சந்திரசேகர் எல்லையோ ஏறத்தாழ 1.4 மடங்குதான். 2020இல் நிறமாலையை மறுபடி ஆராய்ந்தவர்கள், மொத்த நிறை அந்த எல்லைக்குக் கீழே என்றார்கள். பெயரிலேயே ‘வெடி’ வைத்தால் மாட்டிக்கொள்வோம். ‘முன்னிலை இணை’ என்று பொதுவாக வைக்கலாம்.

----

முன்னிலை என்றால் நீ, நீர், நீவிர். ‘முன்னிணை’ என்று சுருக்குங்கள். நெபுலா அப்படியே இருக்கட்டும். ‘கோள்வடிவ’ என்பது சிறு தொலைநோக்கியில் கோள் போல வட்டமாகத் தெரிந்ததால் வானியலாளர் ஹெர்ஷல் வைத்த பெயர். கோளுக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. அந்தப் பெயரே 200 ஆண்டுக்கு மேல் ஓடவில்லையா?

----

நன்றி. பலரும் ‘முன்னிணை’ பக்கம் சாய்வதால் அதையே போடுகிறேன். முதல் இடத்தில் மட்டும் ‘வெடிப்புக்கு முந்தைய இணைமீன்’ என்று விளக்கிவிடுகிறேன். நேரமில்லை.

----

என் எதிர்ப்பைக் குறித்துக்கொள்ளுங்கள். 1987இல் பெரிய மெகல்லன் முகில் என்ற அண்டை விண்மீன் மண்டலத்தில் வெடித்த சூப்பர்நோவாவுக்கு முன் அங்கே இருந்தது ஒரு நீலப் பெருவிண்மீன். அதையும் ‘முன்னிணை’ என்பீர்களா? எதோடு இணை?