கூட்டைத் தேடிப் போவதே கூட்டுக்கு ஆபத்தாகாதா? ஆண்டீஸ் பறவை ஆய்வு பற்றி ஒரு கேள்வி

அல்சூர் வாசகி:
வணக்கம். தென் அமெரிக்காவின் ஈக்வடாரில், எப்போதும் மேகம் படிந்திருக்கும் மலைக்காடுகளான மேகக்காடுகளில் பறவைகளின் இனப்பெருக்கத்தைப் பதிவு செய்யும் களப்பணிக்கு மூன்று மாதம் தன்னார்வலராகப் போகலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். ஆனால் விண்ணப்பத்தை எழுத உட்காரும்போதெல்லாம் ஓர் உறுத்தல் குறுக்கே வருகிறது. கடந்த பிப்ரவரியில் எங்கள் பால்கனியில் துணி உலர்த்தும் கொடியின் முனையில் ஊதாப்பிட்டுத் தேன்சிட்டு ஒன்று கூடு கட்டியது. சிலந்தி நூலும் சருகும் சேர்த்துத் தொங்கவிட்ட பை. பக்கவாட்டில் ஒரு சிறிய வாசல், அதன்மேல் மழை விழாதபடி ஒரு தாழ்வாரம். நான் நாள்தோறும் காப்பி டம்ளரோடு அருகே போய்க் கைப்பேசியில் படமெடுத்தேன். பதினோராம் நாள் காலையில் கூடு கிழிந்து தொங்கியது. எதிர் வீட்டு மாடிச் சுவரில் ஒரு காக்கை அமர்ந்திருந்தது. நான்தான் வழி காட்டிக்கொடுத்தேனோ என்ற எண்ணம் இன்னும் போகவில்லை. பால்கனியிலேயே இப்படியென்றால், காட்டுக்குள் கூடு கூடாகத் தேடுவோர் தீங்கு செய்யாமல் எப்படித் தப்புகிறார்கள்? முட்டை எத்தனை, குஞ்சு எத்தனை என்று எழுதி வைப்பதால் பறவைக்கு என்ன பயன்? காட்டை விலைக்கு வாங்கி வேலி போட்டுவிட்டால் போதாதா?

ஈரச்சட்டை:
ஆண்டீஸ் மலைத்தொடரின் கிழக்குச் சரிவில் ஒரு பருவம் இந்த வேலையைச் செய்தவன், இப்போது பெங்களூருக்குத் திரும்பிவிட்டேன். உங்கள் அச்சம் நியாயமானது. நீங்கள் செய்த பிழை பார்த்தது அல்ல. ஒரே வழியில் போய், கூட்டின் முன் நின்று, அதே வழியில் திரும்பியதுதான். காட்டில் எங்களுக்குச் சொல்லித்தந்த முதல் பாடம், கூட்டைத் தாண்டி நடந்துகொண்டே இருக்க வேண்டும் என்பது. கூட்டோடு முடிந்துபோகும் ஒற்றையடித் தடம் ஒன்றை நாமே உண்டாக்கினால், மோப்பம் பிடித்து வரும் விலங்குக்கு அதைவிட நல்ல வழிகாட்டி கிடையாது. நீண்ட கழியின் நுனியில் சிறு கண்ணாடியைக் கட்டி, தாய் இரை தேடப் போன நேரத்தில் சில நொடிகள் மட்டும் உள்ளே பார்ப்போம். அடையாள நாடாவைக் கூடு இருக்கும் கிளையில் கட்டாமல் பல அடி தள்ளிக் கட்டுவோம். இரண்டு மூன்று நாளுக்கு ஒரு முறைக்கு மேல் போக மாட்டோம். அருகில் கொன்றுண்ணி ஏதேனும் தென்பட்டால் அன்று அந்தப் பக்கமே திரும்ப மாட்டோம். கூட்டினுள் வைக்கும் ஒரு சிறு வெப்பமானி, தாய் எப்போது எழுந்து போனது, எப்போது திரும்பியது என்பதை நாங்கள் கூடாரத்தில் இருக்கும்போதே பதிந்துகொள்ளும். மற்றபடி அந்த மூன்று மாதத்தில் பெரும்பகுதி மழையில் நனைந்த சட்டையோடு வழுக்கும் சரிவில் சும்மா உட்கார்ந்திருப்பதுதான். படமெடுக்கப் போகிறவர்கள் ஏமாந்துபோவார்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கண்டுபிடித்த கூடுகளில் எத்தனை பிழைத்தன என்று நேராக விகிதம் போட்டால் கணக்குத் தவறிவிடும். கட்டிய மறுநாளே அழிந்த கூடு நம் கண்ணில் படுவதே இல்லை. பல நாள் தாக்குப்பிடித்த கூடுதான் அகப்படும். அதனால் அமெரிக்கப் பறவை ஆய்வாளர் ஹெரால்ட் மேஃபீல்ட் 1961-இல் காட்டிய வழியில், கூடுகளை எண்ணாமல் நாம் கவனித்த நாட்களை எண்ணி, ஒரு நாள் பிழைக்கும் வாய்ப்பைக் கணக்கிடுகிறோம். எடுத்துக்காட்டாக, நாளொன்றுக்கு 96 விழுக்காடு என்று வந்தால் நல்ல நிலை என்றே தோன்றும். ஆனால் முட்டையும் குஞ்சுமாக 30 நாள் தாண்ட வேண்டிய பறவைக்கு, நாளுக்கு நாள் பெருக்கிப் பார்த்தால், அது ஏறத்தாழ 29 விழுக்காடாகச் சுருங்கிவிடும்.

குருத்தோலை:
மற்ற இரண்டு கேள்விகளுக்கும் நான் சொல்கிறேன். வேலி மட்டும் போதாது என்பதற்கு ஈக்வடாரின் யுங்கியா பள்ளத்தாக்கே சான்று. அற்றுப்போயிருக்கலாம் என்று அஞ்சப்பட்ட வெளிர்தலைப் புதர்ச்சிட்டு 1998-இல் அங்கே மீண்டும் தென்பட்டது. நிலத்தையும் வாங்கிக் காத்தார்கள். ஆனால் கூடுகளைத் தொடர்ந்து கவனித்தபோதுதான், நம் ஊர்க் குயில் காக்கைக் கூட்டில் செய்வதைப் போலக் கௌபர்ட் என்ற கரும்பறவை அவற்றில் முட்டையிட்டுவிட்டுப் போவது எவ்வளவு பெரிய சேதம் என்று புரிந்தது. அந்தப் பறவையைக் கட்டுப்படுத்தத் தொடங்கிய பின்னரே புதர்ச்சிட்டின் எண்ணிக்கை ஏறியது. கூட்டினுள் யாரும் எட்டிப் பார்த்திருக்காவிட்டால், வேலிக்குள்ளேயே அந்த இனம் தேய்ந்திருக்கும்.

கொலம்பியாவின் மஞ்சள்காதுக் கிளியின் கதை எனக்கு இன்னும் நெருக்கமானது. மெழுகுப்பனையின் உட்குழிவான மரங்களில்தான் அது கூடு வைக்கும். அந்தப் பனையின் இளங்குருத்தைத்தான் குருத்தோலை ஞாயிறன்று பவனிக்கு வெட்டிவந்தார்கள். மேய்ச்சல் நிலத்தில் ஓங்கி நிற்கும் பனைகளைப் பார்த்தால் தோப்பு செழிப்பாகத்தான் தோன்றும். ஆனால் கன்றுகளை மாடுகள் தின்றும் மிதித்தும் விடுவதால் அடுத்த தலைமுறை மரமே இருக்காது. 1999-இல் அங்கே கண்டறியப்பட்ட கூட்டத்தில் 81 கிளிகளே இருந்தன. வேறு ஓலையைப் பயன்படுத்தும்படி தேவாலயங்களோடு சேர்ந்து மக்களிடம் பேசினார்கள். கிளிகள் பின்னர் ஆயிரத்தைத் தாண்டின. ஒவ்வோர் ஆண்டும் இங்கே தென்னங்குருத்தில் சிலுவை மடிக்கும்போது எனக்கு அந்தக் கிளியின் நினைவு வரும்.

ராமநகர் பாறை:
எல்லாவற்றுக்கும் கூடுதான் விடை என்று எண்ணிவிட வேண்டாம். ஆண்டீஸ் காண்டோர் என்ற பெரிய பிணந்தின்னிப் பறவை இரண்டு ஆண்டுக்கு ஒரு முட்டை என்ற அளவில்தான் பெருகுகிறது. இவ்வளவு மெதுவாகப் பெருகும் இனத்துக்கு வளர்ந்த பறவையின் சாவே பேரிழப்பு. 2018 ஜனவரியில் அர்ஜென்டினாவின் மெண்டோசா மாகாணத்தில் நஞ்சு வைத்த இறைச்சியால் 34 காண்டோர்கள் ஒரே இடத்தில் மடிந்தன. நம் ராமநகரத்துப் பாறைகளில் கருங்கழுத்துப் பாறு (பிணந்தின்னிக் கழுகு) அருகிப்போனதையும் இதோடு வைத்துப் பாருங்கள். இந்தியாவில் பாறுகள் சரிந்ததற்குக் காரணம் கால்நடைக்குப் போட்ட டைக்ளோஃபினாக் என்ற வலிநீக்கி ஊசிதான்; அந்த மருந்து தங்கிய சடலத்தைத் தின்ற பாறுகள் மடிந்தன. கால்நடைகளுக்கு அதைத் தடை செய்தது 2006-இல்.

அல்சூர் வாசகி:
மூவருக்கும் நன்றி. என் கூட்டை மேஃபீல்ட் முறையில் போட்டுப் பார்த்தேன்: கவனித்தது 11 நாள், இழப்பு ஒன்று, அதாவது நாளொன்றுக்குப் பதினொன்றில் ஒரு பங்கு இழப்பு. நாளொன்றுக்குப் பிழைப்பு வாய்ப்பு 91 விழுக்காடுக்கும் கீழே வருகிறது.

ஈரச்சட்டை:
ஒரே கூட்டை வைத்து அப்படிச் சொல்லக் கூடாது. இன்னும் பல கூடுகள் வேண்டும். விண்ணப்பத்தில் இந்தப் பால்கனிக் குறிப்பைத் தேதி, நேரம், மழை விவரத்தோடு அப்படியே சேர்த்துவிடுங்கள்; கூடு அழிந்த நாளையும் மறைக்காமல் எழுதுகிறவரைத்தான் அவர்கள் தேடுகிறார்கள். அதுவரை லால்பாகில் தொலைநோக்கியோடு பழகுங்கள், ஆனால் எந்தக் கூட்டிலும் கை வைக்காதீர்கள்; காட்டுப்பறவையின் கூட்டையோ முட்டையையோ கலைப்பது 1972-ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டப்படி குற்றம்.