பிள்ளையாரடி உறவுகள்

செல்வி மாமி: லண்டன் குஞ்சியப்பாவுக்கு ஆரோ போன் அடிச்சு, "கோயில் மண்டபத்துக்கு 25,000 தந்தனீங்கள், மிச்சத்தை இந்தக் கணக்குக்குப் போடுங்கோ" எண்டவங்களாம். ஆரப்பா அது?

ராசா மாமா: நாங்கள் ஒருத்தரும் எடுக்கேல்ல

பெரியப்பா: தொகை எப்பிடித் தெரியும்? கணக்குக் கொப்பி என்னட்டத்தான் இருக்கு.

செல்வி மாமி: போன முறையும் உங்களிட்டத்தான் இருந்தது

பெரியப்பா: உதை இப்ப இழுக்காதை செல்வி.

துசி: கொப்பியில பிழையில்லை பெரியப்பா. கோயில் வெப்சைட்டில பற்றுச்சீட்டுத் தேடுற பெட்டி இருக்கெல்லோ, அது ஒரு பிளகின், வெப்சைட்டோட சேர்த்துப் பூட்டுற துணை மென்பொருள். பேருக்குப் பதிலா ஒற்றை மேற்கோள் குறி ஒண்டு மட்டும் அடிச்சுப் பாத்தனான். பக்கம் முழுக்க டேட்டாபேஸ் எரர், டேபிளின்ர பேர்கூடத் தெரியுது. எஸ்கியூஎல் இன்ஜெக்ஷன் எண்டுறது இதுக்குத்தான்.

நிலா அக்கா: விளங்கேல்ல

துசி: அருச்சனைத் துண்டை யோசியுங்கோ. பேர், நட்சத்திரம் எழுதிக் குடுப்பம். ஒருத்தன் "பரணி" எண்டு எழுதி, கீழ "உண்டியல் திறப்பை இவனிட்டக் குடு" எண்டும் எழுதுறான். ஐயர் துண்டை எறிஞ்சிடுவார். பிளகின் எறியாது, கட்டளையா எடுத்துச் செய்யும். பெட்டியில எழுதினதை அப்பிடியே டேட்டாபேஸ் கேள்வியோட ஒட்டினதுதான் பிழை. வெப்சைட் செய்த வேர்ட்பிரஸ் மென்பொருளில அதுக்கெண்டே பிரிப்பேர் எண்ட வழி இருக்கு, எழுதினதை வெறும் எழுத்தாத்தான் எடுக்கும். செய்தவர் பாவிக்கேல்ல. 2024 மார்ச்சில லேயர்ஸ்லைடரிலயும் இந்தமாதிரித்தான், 10 லட்சத்துக்கு மேல தளங்களில இருந்த பிளகின். 7.10.1 பதிப்பில திருத்தினவை.

ராசா மாமா: திங்கள் வற்றாப்பளைக்கு வான் எத்தினை மணிக்கு?

நிலா அக்கா: விடிய 4

லண்டன் குஞ்சியப்பா: என்ர அடையாள அட்டை நம்பரும் அதில குடுத்தனான் தம்பி

துசி: அதுதான் எனக்கும் பயம் குஞ்சியப்பா. இந்த வழியாலதான் எடுத்தவங்களோ எண்டு சேர்வர் லொக், ஆர் எப்ப வந்து என்ன கேட்டவை எண்ட பதிவு, அதைப் பாத்தாத்தான் உறுதியாச் சொல்லலாம். ஆனா கதவு திறந்து கிடக்கு. அந்தப் பிளகினுக்கு மூண்டு வருசமா அப்டேட் இல்லை. நிப்பாட்டி வச்சாக் காணாது, அழிக்கவேணும். பாஸ்வேர்ட் ஆரிட்ட?

பெரியப்பா: சுவிஸ் மருமோனிட்ட

செல்வி மாமி: தேர்க் கணக்கில நீங்கள் பேசின பேச்சுக்கு அவன் போன் எடுப்பானோ?

பெரியப்பா: என்ர அக்காவின்ர மோன் எண்ட உரிமையில பேசினனான்.

ராசா மாமா: வானுக்குத் தலைக்கு எவ்வளவு?

துசி: இண்டைக்கு இரவுக்குள்ள அவரிட்டக் கேக்கவேணும். காசு தந்த எல்லாருக்கும் நாங்களே முதல் சொல்லவும் வேணும். கோயிலை நம்பித் தந்தவை.

பெரியப்பா: சொன்னா அடுத்த முறை ஆர் தருவினம்?

லண்டன் குஞ்சியப்பா: சொல்லாட்டி நான் தரமாட்டன் அண்ணை.

பெரியப்பா: (குரல் செய்தி 0:08)

செல்வி மாமி: என்னவாம்? எனக்குக் கேக்குதில்லை

நிலா அக்கா: "அவன்ர நம்பரை அனுப்பு" எண்டுறார்