பழைய ஜரிகைப் பட்டுப் புடவையை வெட்டித் தைக்கலாமா?

நெசவுத்தெரு:
பாட்டி காலத்துக் காஞ்சிபுரம், பனாரஸ் பட்டுப் புடவைகளை வெட்டி லெஹங்காவும் மேலங்கியுமாகத் தைத்துக்கொள்ளும் வழக்கம் பெருகிவிட்டது. இதில் எனக்கு உடன்பாடு இல்லை. கோர்வைப் புடவையில் உடலும் கரையும் வெவ்வேறு நிற ஊடையால் (குறுக்கிழையால்) நெய்யப்பட்டு, வரிசைக்கு வரிசை ஒன்றோடொன்று கோக்கப்படுகின்றன. ஊடையைக் கொண்டுசெல்லும் நாடாக்கள் மூன்று ஓட வேண்டியிருப்பதால் நெசவாளருக்குத் துணையாக இன்னொருவரும் தறியில் இருந்தாக வேண்டும். முந்தி வேறு நிறமானால், பழைய பாவின் (நீளவாட்டு இழைகளின்) ஒவ்வோர் இழையோடும் புதிய இழையைக் கையால் முறுக்கி இணைக்கிறார்கள். பெட்னி எனப்படும் அந்த இடத்தில் விரலை ஓட்டினால் மெல்லிய மேடு தட்டுப்படும். முந்தியைத் தனியாகப் பிரிக்க நினைப்பவர்களின் கத்தரி முதலில் விழுவது அங்கேதான்.

தையல்பெட்டி:
வெட்டாமல் வைத்திருந்தால் அந்தப் புடவைக்கு என்ன கதி என்பதையும் சொல்லுங்கள். அசல் ஜரிகை என்பது பட்டிழையின் மேல் சுற்றிய வெள்ளித் தகட்டுக்குத் தங்கப் பூச்சு கொடுத்தது. மடித்த இடத்தில் அந்தத் தகடே பட்டிழையை அறுக்கும். கிழிந்த புடவையைப் பழைய பட்டு வாங்குபவரிடம் போட்டால், அவர் அதை எரித்து வெள்ளியைப் பிரித்தெடுப்பார். அதைவிடப் பேத்தி உடுத்தும் பாவாடை மேலல்லவா? மேலும், பனாரஸின் கிங்காப் என்ற கனத்த ஜரிகைத் துணி வெட்டுவதற்கென்றே நெய்யப்பட்டது. முகலாய அரசவையின் அங்கிகளும் விதானங்களும் அதில் தைக்கப்பட்டவை. திபெத்திய மடாலயங்களுக்காக அங்கே நெய்யும் கியாசரும் அப்படித்தான். தங்கா எனப்படும் பௌத்தத் துணி ஓவியங்களுக்கு ஓரம் கட்டவும் சடங்கு உடைகளுக்கும் அதை வெட்டியே பயன்படுத்துகிறார்கள்.

நெசவுத்தெரு:
உங்கள் கிங்காப் சான்று என் பக்கம்தான் பேசுகிறது. அது கெஜக்கணக்கில், வெட்டுப்படும் என்று தெரிந்தே நெய்த துணி; கரை, உடல், முந்தி என்று முழுமையாகத் திட்டமிட்ட புடவை அப்படியன்று. நெசவு முறையையும் பார்க்க வேண்டும். பனாரஸின் கடுவா முறையில் ஒவ்வொரு புட்டாவுக்கும், அதாவது துணியில் நெய்யும் பூவுக்கும், தனித்தனி இழை. அது அந்தப் பூவுக்குள்ளேயே திரும்பிவிடும். ஃபேக்வா முறையில் ஜரிகை இழை ஒரு கரையிலிருந்து மறு கரைவரை ஓடும். பூக்களுக்கிடையே பின்புறம் தொங்கும் இழைகளை நெய்தபின் நறுக்கிவிடுகிறார்கள். அந்தத் துணியில் பூவின் குறுக்கே கத்தரி போனால் பூவே உதிரத் தொடங்கும். திருப்பிப் பார்த்துவிட்டு வெட்டும் தையற்காரர்கள் எத்தனை பேர்?

பெட்டகம்:
இருவரும் ஒன்றை விட்டுவிட்டீர்கள். பெரும்பாலான பட்டு கிழிவதற்கு வயதைவிட நம் பராமரிப்பே காரணம். ஆண்டுக்கணக்கில் ஒரே மடிப்பில் வைப்பது, கனத்த ஜரிகைப் புடவையைக் கொக்கியில் தொங்கவிடுவது, ஜரிகையின் மேலேயே வாசனைத் திரவியம் அடிப்பது, பிளாஸ்டிக் உறைக்குள் அந்துருண்டையோடு அடைப்பது (கடைசிப் பழக்கம் எந்த வீட்டில்தான் இல்லை?) எல்லாம் சேர்ந்துதான் ஜரிகையைக் கறுக்கவும் பட்டுத் துணியை நொறுங்கவும் செய்கின்றன. துவைத்த பருத்தித் துணியில் சுற்றி, சில மாதங்களுக்கு ஒருமுறை நிழலில் காற்றாட விட்டு, மடிப்பை மாற்றி வைத்தாலே போதும். தையல்பெட்டிக்கு ஒரு சொல்: பட்டே நைந்துபோன புடவையைப் பாவாடையாக்கினால், ஊசி போன துளைகளிலேயே அது விட்டுப்போகும். தைக்கத் தகுந்த புடவை பெரும்பாலும் உடுத்தவும் தகுந்ததுதான்.

தையல்பெட்டி:
அந்தக் கடைசி வரியை நான் ஏற்கவில்லை. மடிப்புகளில் மட்டும் கோடுகோடாகக் கிழிந்து, இடைப்பட்ட பகுதி உறுதியாக இருக்கும் புடவைகள் நிறைய வருகின்றன. அவற்றை உடுத்த முடியாது. ஆனால் பருத்தி உள்துணி கொடுத்து, உடலைப் பிடிக்காமல் தளர்வாகத் தைத்தால் தாங்கும்.

நெசவுத்தெரு:
கிழிந்ததற்கு அது பொருந்தும் என்றே வைத்துக்கொள்வோம். நல்ல நிலையில் இருப்பதையும் அலங்காரத்துக்காக வெட்டுகிறார்களே, அவர்களுக்கு என்ன பதில்? பனாரஸ் ஜரிகைப் பட்டுக்கு 2009-லேயே புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது. கைத்தறி முத்திரை 2006 முதல் இருக்கிறது. லெஹங்கா வேண்டுமென்றால் அந்த முத்திரையைப் பார்த்து, தறியிலிருந்து புதிய துணி வாங்கட்டும். நெசவாளருக்கும் வேலை கிடைக்கும்.

தையல்பெட்டி:
அசல் ஜரிகைத் துணியைப் புதிதாக வாங்கும் வசதி எல்லோருக்கும் இல்லை. நல்ல புடவையைக் கொண்டுவருபவரிடம் உடுத்தச் சொல்லித் திருப்பி அனுப்ப நான் தயார். கிழிந்ததை வெட்டத்தான் செய்வேன்; பெட்னி இருக்கும் பகுதியை மட்டும் முழுதாக விட்டு, அதையே பாவாடையின் முன்பக்கம் தெரியும்படி வைத்துத் தைப்பேன்.