செமஃபோர் தீர்ந்துபோகிறது, எதை அழிப்பது?

சென்ட்ஓஎஸ் 7 லினக்ஸ், கெர்னல் 3.10, போஸ்ட்கிரெஸ் 9.2 டேட்டாபேஸ், அதே சர்வரில் அப்பாச்சி 2.4 வெப்சர்வர். சனிக்கிழமை இரவு அதிகபட்ச கனெக்‌ஷனை 100லிருந்து 300 ஆக்கி ரீஸ்டார்ட் செய்தேன், போஸ்ட்கிரெஸ் எழுந்திருக்கவே இல்லை. லாக்கில் செமஃபோர் (பிராசஸ்கள் முறைவைத்து வேலை செய்ய கெர்னல் தரும் பூட்டு போன்ற எண்ணி) உருவாக்க முடியவில்லை, 'டிவைஸில் இடமில்லை' என்று வருகிறது. டிஸ்க்கில் பாதிக்கு மேல் காலி! அரை மணி நேரம் டிஸ்க்கைத்தான் நோண்டிக்கொண்டிருந்தேன், சிரிக்காதீர்கள்.

அப்புறம்தான் செமஃபோர் வரம்புகளைச் சொல்லும் கெர்னல்.செம் அமைப்பைப் பார்த்தேன்: 250, 32000, 32, 128. ஒரு செட்டுக்கு (செமஃபோர் தொகுப்புக்கு) எத்தனை, மொத்தம் எத்தனை, ஒரே அழைப்பில் எத்தனை செயல்கள், கடைசியாக எத்தனை செட் என்று புரிந்துகொண்டேன். போஸ்ட்கிரெஸ் 16 கனெக்‌ஷனுக்கு ஒரு செட் எடுக்கும், ஆக எனக்கு 20 செட் போதும். ஆனால் ஐபிசிஎஸ் கட்டளை ஏற்கெனவே 113 செட் இருப்பதாகக் காட்டுகிறது, அதில் 110 அப்பாச்சி பயனர் பெயரில்; என் 20ஐயும் சேர்த்தால் 128ஐத் தாண்டிவிடும். பல மாதமாக அப்பாச்சி தொங்கும்போதெல்லாம் கில் மைனஸ் 9 போட்டு வலுக்கட்டாயமாக நிறுத்தியதன் மிச்சம் என்று நினைக்கிறேன்.

கெர்னல்.செம்மின் கடைசி எண்ணை, கெர்னல் அமைப்புகளை மாற்றும் சிஸ்கண்ட்ரோல் கட்டளையில் 256 ஆக்கியதும் போஸ்ட்கிரெஸ் ஓடுகிறது, ஆனால் குப்பை அப்படியே இருக்கிறது. ஒவ்வொரு செட்டையும் கடைசியாகத் தொட்ட பிராசஸ் எண்ணைப் பார்த்தேன், பெரும்பாலானவை இப்போது உயிரோடு இல்லை. ஆனால் முடிந்துபோன சைல்ட் பிராசஸ் தொட்ட செட்டை மற்றவை இன்னும் பயன்படுத்தலாமே, அந்த எண்ணை நம்பி, செட்டை அழிக்கும் ஐபிசிஆர்எம் கட்டளையைப் போடப் பயமாக இருக்கிறது.

அப்பாச்சியை நிறுத்தாமல், எந்த செட் உண்மையிலேயே அநாதை என்று உறுதியாகக் கண்டுபிடிப்பது எப்படி?