கானா நாட்டுப் பாட்டு எங்கிருந்து கேட்க ஆரம்பிக்கலாம்? (சென்னைக் கானா இல்லை)

காரைக்குடி டவுன்காரன் கேட்டது:

வணக்கம். எங்கள் அத்தான் ஆறு வருடமாக கானா நாட்டில், தேமா துறைமுகத்தில் வேலை பார்க்கிறார். வீட்டில் படைப்பு என்று போன வாரம் ஊருக்கு வந்தவர், பிள்ளையார்பட்டி போய்விட்டுத் திரும்பும் வரை காரில் அந்த ஊர்ப் பாட்டாகவே போட்டார். நான் ஒன்பதாம் வகுப்பு வரை மிருதங்கம் கற்றவன், அந்தத் திமிரில் தொடையில் தாளம் போட்டுப் பார்த்தேன், மானம் போய்விட்டது. நடுவில் மணி மாதிரி ஒரு இரும்புச் சத்தம் வந்துகொண்டே இருக்கிறது, அதைப் பிடித்தால் பாட்டு நழுவுகிறது, பாட்டைப் பிடித்தால் மணி நழுவுகிறது, தாளம் தொடங்கும் சமம் எங்கே என்றே தெரியவில்லை.

வெறும் மேளம் மட்டும் அடிக்கிற பாட்டு, கிட்டார் பாட்டு, கம்ப்யூட்டரில் செய்த ராப் என்று மூன்று விதமாக இருந்தது. இதெல்லாம் வேறு வேறா என்று கேட்டால் அத்தான், "எல்லாம் ஒண்ணுதான், சும்மா கேளுடா" என்கிறார். தெரிந்தவர்கள் சொல்லுங்கள். கானா என்றதும் மரண கானா லிங்க் அனுப்புகிறவர்கள் தயவுசெய்து ஒதுங்கவும், ஏற்கெனவே நாலு வந்துவிட்டது.

தேவகோட்டை பழைய கணக்கர் எழுதியது:

தம்பி, நான் கானாவின் குமாசி நகரில் ஒரு மரக் கம்பெனியில் கணக்கு எழுதியவன், அதனால் இதில் கொஞ்சம் நீளமாகவே பேசுவேன்.

கிட்டாரிலிருந்து ஆரம்பியுங்கள். லைபீரியாக் கரையிலிருந்து வந்த குரு இனத்து மாலுமிகள் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் மட்டும் வைத்து மீட்டும் ஒரு முறையைத் துறைமுகங்களில் பரப்பினார்கள். கள்ளுக்கடையில் உட்கார்ந்து வாசித்ததால் அதற்குக் கள்ளுப் பாட்டு என்றே பெயர். (நம் பனங்கள் இல்லை, அங்கே எண்ணெய்ப் பனையில் இறக்குவது.) 1928ல் குமாசி டிரியோ என்று மூன்று பேர் லண்டன் போய் "யா அம்போன்சா" பாட்டை இசைத்தட்டில் பதிந்தார்கள். யா என்றால் வியாழக்கிழமை பிறந்த பெண், அங்கே பிறந்த கிழமையே ஒரு பெயர். அந்த ஒரு பாட்டின் கிட்டார் நடை ஹைலைஃப் என்கிற கானா நாட்டு இசை முழுவதும் ஓடுகிறது. கூ நிமோ என்ற பெரியவரைக் கேளுங்கள், ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்துக்கொண்டே அந்தப் பழைய கிட்டாரைக் காப்பாற்றியவர்.

ஹைலைஃப் என்ற பெயருக்கு அவர்களே சொல்லும் கதை இது. கோட்டு சூட்டு போட்ட பெரிய மனிதர்கள் கிளப்புக்குள் ஆட, டிக்கெட்டுக்குக் காசில்லாதவர்கள் வாசலில் நின்று எட்டிப் பார்த்து வைத்த பெயராம். அந்தக் கிளப் இசைக்கு ராஜா இ. டி. மென்சா. மருந்தாளுநர் படிப்பு, கையில் டிரம்பெட். 1956ல் லூயி ஆம்ஸ்ட்ராங் அக்ரா வந்தபோது அவரோடு சேர்ந்து வாசித்தவர். அடுத்த வருடம் மார்ச் 6ல் நாடு விடுதலை அடைந்தது, அதற்கும் பாட்டுப் போட்டவர் இவர்தான்.

எனக்குப் பிடித்தவர் நானா அம்பாடு. அவருடைய ஆப்பிரிக்கன் பிரதர்ஸ் குழு 1967ல் ஒரு பாட்டு வெளியிட்டது. காட்டில் விலங்குகள் கூட்டம் போடுகின்றன. சின்ன மான் ஒன்றுக்குப் பின்னால் சிறுத்தை உட்கார்ந்து அதன் வாலை நகத்தால் அழுத்திக்கொண்டு, வாயைத் திறக்காதே என்கிறது. மான் பொறுத்துப் பார்த்துவிட்டு, "தலைவர் அவர்களே, இங்கே சிலர் வசதியாக உட்கார்ந்திருக்கிறார்கள், சிலருக்கு உட்காரவே முடியவில்லை" என்று கத்துகிறது. அவ்வளவுதான் கதை. அப்போது ராணுவ ஆட்சி. ஜனங்களுக்கு யார் சிறுத்தை என்று யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

1982லிருந்து இரண்டு வருடம் இரவு ஊரடங்கு. ராத்திரி வெளியே வர முடியாத ஊரில் பேண்டுக்காரன் எப்படிப் பிழைப்பான்? கொஞ்சம் பேர் சர்ச்சுக்குள் போனார்கள், கொஞ்சம் பேர் ஜெர்மனிக்கு. நம் பாட்டன்மார் பர்மாவுக்குப் போனதை நினைத்துக்கொள்ளுங்கள், இவர்கள் திரும்பும்போது தேக்குக்குப் பதிலாகச் சிந்தசைசர் கொண்டுவந்தார்கள். 1983ல் ஜார்ஜ் டார்கோ ஆரம்பித்து வைத்தது, பர்கர் ஹைலைஃப். எனக்கு அது ஒட்டவில்லை, டிரம் மெஷின் எல்லாப் பாட்டிலும் ஒரே மாதிரி குத்துகிறது.

பள்ளத்தூர் வீணை டீச்சர் எழுதியது:

தம்பி, நீங்கள் கேட்ட மணிக்கு யாரும் பதில் சொல்லவில்லையே. அது எவே மக்களின் இரட்டை மணி, கங்கோகுயி. பன்னிரண்டு அட்சரத்தில் ஏழு அடி, இடைவெளிக் கணக்கு இப்படி: 2, 2, 1, 2, 2, 2, 1. கூட்டிப் பாருங்கள், பன்னிரண்டு. நீங்கள் மணியிலேயே சமத்தைத் தேடியிருப்பீர்கள், அதனால்தான் நழுவியது. ஆடுகிறவர்களின் காலைப் பாருங்கள், அது நான்கு தகிட, மும்மூன்று அட்சரமாக. காலில் தகிடவைப் போட்டுக்கொண்டு கையில் அந்த ஏழைத் தட்டுங்கள். முதல் நாள் வராது.

மேளம் மட்டும் இருக்கும் பாட்டு என்கிறீர்கள், அதில் பாதி பாட்டே இல்லை, பேச்சு. அகான் மக்களின் ட்வி மொழியில் குரல் ஏறினால் ஒரு பொருள், இறங்கினால் வேறு. அடும்பன் என்ற ஜோடி மேளத்தில் ஒன்று உச்சம், ஒன்று மந்தம், அந்த இரண்டிலேயே பழமொழியும் ராஜாவின் புகழும் சொல்லிவிடுவார்கள். வடக்கே டகோம்பா மக்களிடம் லுங்கா, அக்குளில் இடுக்கி அழுத்தி ஒலியை ஏற்றி இறக்குவது. நம் உடுக்கைக்கு அண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை வாசிக்கும் குடும்பங்கள்தான் அரச பரம்பரைக் கதை முழுவதையும் மனப்பாடமாக வைத்திருக்கிறவர்கள்.

எஃப்ரேம் அமு என்று ஒருவர். சர்ச் பாட்டை ட்வியில் போடும்போது மெட்டு பேச்சின் ஏற்ற இறக்கத்தை மீறக் கூடாது என்று பிடிவாதமாக இருந்தவர். கோட்டு போடாமல் ஊர்த் துணியை உடுத்திக்கொண்டு பிரசங்கம் செய்தார், கடைசியில் 1933ல் பயிற்சிக் கல்லூரி வேலை போயிற்று. வேட்டி கட்டியதற்கு வேலை போன மாதிரி.

இன்னொன்று, இது எனக்காக. ஜில் என்று ஒரு மரக்கட்டை வாத்தியம் இருக்கிறது, ஒவ்வொரு கட்டைக்கும் கீழே ஒரு சுரைக்குடுக்கை. குடுக்கையில் துளை போட்டு, சிலந்தி முட்டைக் கூட்டின் மெல்லிய தோலை அதில் ஒட்டுவார்கள், அடித்தால் 'ஙீ' என்று ஒரு அதிர்வு கூடவே வரும். தம்புராவில் நாம் நூல் வைத்து ஜீவா பிடிக்கிறோமே, அதே ஆசை! கக்ரபா லோபி வாசித்ததைக் கேட்டுவிட்டு அன்று முழுவதும் நான் வீணையைத் தொடவில்லை.

அழகப்பா ஹாஸ்டல் பையன் எழுதியது:

கணக்கர் அய்யா மன்னிக்கவும், 1983ல் நிறுத்திவிட்டீர்கள்.

தொண்ணூறுகளில் ரெஜி ராக்ஸ்டோன் ட்வியில் ராப் பாடினார், அதுதான் ஹிப்லைஃப், ஹிப்ஹாப்பும் ஹைலைஃபும் சேர்ந்தது. டீச்சர் சொன்னதை வைத்துப் பார்த்தால் ராப் அந்த மொழிக்கு ரொம்பப் புதிதும் இல்லை, அடும்பன் அதைத்தானே செய்துகொண்டிருந்தது. அப்புறம் சார்கோடி என்று ஒரு ராப்பர், என்ன வேகம் தெரியுமா, கொன்னக்கோல் சொல்கிறவர்கள் கேட்க வேண்டும். கொனோங்கோ ஊர்ப் பையன் பிளாக் ஷெரிஃப் பாட்டில் வரும் குவாக்கு, புதன்கிழமை பிறந்தவன். பழைய கிழமைப் பெயர் ராப்பிலும் இருக்கிறது.

முழுக்க வேறு வாசல் வேண்டுமென்றால் கிங் அயிசோபா. வடகோடியிலிருந்து வந்தவர், கையில் கொலோகோ என்று இரண்டே தந்தி உள்ள வாத்தியம், தொண்டை கிழியக் கத்திப் பாடுவார். ஊர்த் திருவிழாவில் பாட வேண்டிய ஆள், 2006ல் நாடு முழுக்க ஹிட் கொடுத்தார். இவரைப் பழசில் சேர்ப்பதா புதுசில் சேர்ப்பதா?

ஒரு விஷயம், ஆஃப்ரோபீட் என்ற இசையை உருவாக்கிய ஃபேலா குட்டி நைஜீரியாக்காரர். அங்கே போய் அவரைக் கானாக்காரர் என்று சொல்லிவிடாதீர்கள், ஜாலோஃப் சோறுக்கே இரண்டு நாடும் சண்டை போடுகிறது.

தேவகோட்டை பழைய கணக்கர்:

டிரம் மெஷின் விஷயத்தில் நான் இறங்கி வருவதாக இல்லை. அயிசோபாவைக் கேட்டேன், அவர் எங்கள் கட்சி.

காரைக்குடி டவுன்காரன்:

எல்லோருக்கும் நன்றி. டீச்சர், நேற்று ராத்திரி வளவில் உட்கார்ந்து காலில் தகிட போட்டுக்கொண்டு எவர்சில்வர் சொம்பில் கரண்டியால் தட்டிப் பார்த்தேன். மூன்றாவது சுற்றில் கால் நின்றுவிடுகிறது. அப்பத்தா உள்ளிருந்து, "யார்டா அது இந்நேரத்துல ஐஸ் விக்கிறவன்" என்றார். அத்தான் சிரித்துக்கொண்டே வந்து என் கையிலிருந்த கரண்டியை வாங்கி ஏழையும் சுத்தமாகத் தட்டினார், வாயில் பாட்டு வேறு. இந்த மனிதருக்கு ஆதி தாளம்கூட ஒழுங்காக வராது.