மைக்ரோசிப்பை ‘நுண்சில்லு’ என்று எழுதலாமா?

வினா (தமிழாசிரியர், மன்னார்குடி)

எங்கள் பள்ளியின் கையெழுத்துப் பத்திரிகைக்காக ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி எழுதித் தந்த கட்டுரையில், மைக்ரோசிப் வரவேண்டிய இடங்களிலெல்லாம் ‘நுண்சில்லு’ என்று எழுதியிருக்கிறாள். சில்லு என்றால் பாண்டி ஆடும் ஓட்டாஞ்சில்லுதானே, அறிவியல் கட்டுரையில் அதற்கு என்ன வேலை என்று கேட்ட சக ஆசிரியர் ஒருவர், அச்சொல்லைச் சிவப்பு மையால் சுழித்துவிட்டார். எனக்கு அந்தச் சொல் பிடித்திருக்கிறது. ஆயினும் காரணம் சொல்லத் தெரியவில்லை. வங்கி அட்டையில் பொன்னிறமாக மின்னுவதும் நாயின் தோலுக்கடியில் செலுத்துவதும் ஒரே பொருள்தானா என்பதையும் விளக்கினால் நன்றியுடையவனாவேன்.

மறுமொழி 1 (மொழிபெயர்ப்பாளர், கும்பகோணம்)

ஐயா, உங்கள் மாணவி எழுதியது சரி. ஆங்கிலத்தில் ‘சிப்’ என்பது மரத்தை வெட்டும்போது தெறிக்கும் துண்டையும், பீங்கான் விளிம்பில் உடைந்து விழும் துணுக்கையும் குறித்து வந்த பழைய சொல்தான். மின்னணுவியல் அதைக் கடன் வாங்கிக்கொண்டது. தூய சிலிக்கானை அப்பளம்போல் வட்டமாகவும் மெல்லியதாகவும் அறுத்து (இப்போது பெரிய ஆலைகளில் அதன் விட்டம் 300 மில்லிமீட்டர், அதாவது ஏறத்தாழ ஓர் அடி), அதன்மேல் ஒரே மின்சுற்றை நூற்றுக்கணக்கான முறை பதித்து, பிறகு கட்டம் கட்டமாக வெட்டியெடுக்கிறார்கள். அப்படிப் பெரியதொன்றிலிருந்து பிரிந்து வந்த துண்டு என்பதனால்தான் அந்தப் பெயர். தேங்காய்ச் சில்லு, கண்ணாடிச் சில்லு, ஓட்டாஞ்சில்லு என்று நாம் சொல்லும்போதும் அதே பொருள்தானே வருகிறது? சீவல் என்று எழுதலாம் என்பாரும் உண்டு. வெற்றிலை பாக்கோடு பிறந்து வளர்ந்த எங்கள் ஊரில் அதைப் படிப்பவருக்கு வாய்தான் ஊறும்.

சிலிக்கான், சில்லு என்ற ஒலி ஒற்றுமை வெறும் தற்செயல். 1958இல் அமெரிக்கப் பொறியாளர் ஜாக் கில்பி செய்து காட்டிய முதல் ஒருங்கிணைந்த சுற்று (ஒரே துண்டில் அமைந்த மின்சுற்று, அதாவது சில்லு) சிலிக்கானால் அன்று, ஜெர்மேனியம் என்ற வேறொரு தனிமத்தால் ஆனது. சிலிக்கானில் அதைச் செய்யும் வழியை ராபர்ட் நாய்ஸ் என்ற இன்னொரு அமெரிக்கர் அடுத்த ஆண்டு வகுத்தார்.

மறுமொழி 2 (மோட்டார் பேனல் பழுதுபார்ப்பவர், திருவையாறு)

பட்டறையில் நாங்கள் சில்லு என்றும் சொல்வதில்லை, மைக்ரோசிப் என்றும் சொல்வதில்லை, ‘ஐ.சி. போய்விட்டது’ என்போம் (ஐ.சி. என்பது ஒருங்கிணைந்த சுற்று என்பதன் ஆங்கிலச் சுருக்கம்). போர்வெல் மோட்டாரை வீட்டிலிருந்தபடியே கைப்பேசியால் ஓடவிடும் ஸ்டார்ட்டரைத் திறந்தால், பலகையில் பூரான்போல் இரு பக்கமும் கால் நீட்டிக்கொண்டு கறுப்பாக ஒன்று உட்கார்ந்திருக்கும். எல்லாரும் அதையே சிப் என்கிறார்கள். உண்மையில் அது கூடுதான். உள்ளே, நகத்தைவிடச் சிறிதாக, முடியினும் மெல்லிய கம்பிகளால் அந்தக் கால்களோடு இணைக்கப்பட்டிருப்பதே சில்லு. வங்கி அட்டையும் அப்படித்தான்: பொன்னிறத் தகடு, இயந்திரம் தொடுவதற்கான முனைகள் மட்டுமே, சில்லு அதன் முதுகில் ஒட்டியிருக்கிறது. சிம் கார்டுக்கும் இதுவே பொருந்தும்.

மறுமொழி 3 (கால்நடை மருத்துவர், திருத்துறைப்பூண்டி)

நாய்க்குப் போடுவதைப் பற்றி நான் சொல்கிறேன். அதை அரிசி மணி அளவு என்று எழுதுவது வழக்கம். வழக்கமான அளவு 12 மில்லிமீட்டர், ஆகவே நம் பொன்னி அரிசியைவிட ஏறத்தாழ இரு மடங்கு நீளம். கண்ணாடிக் குப்பிக்குள் ஒரு சில்லும் ஒரு கம்பிச் சுருளும் இருக்கும், மின்கலம் கிடையாது. தோள்பட்டைகளுக்கு நடுவே தடித்த ஊசியால் செலுத்துகிறோம். படிக்கும் கருவியை அருகே கொண்டுசென்றால், அது வீசும் அலையிலிருந்தே ஆற்றல் பெற்று, 15 இலக்க எண் ஒன்றைத் திருப்பிச் சொல்லும். அவ்வளவுதான் அதன் வேலை. காணாமல்போன நாய் எந்தத் தெருவில் நிற்கிறது என்று அது காட்டாது. இதை ஒவ்வொரு முறையும் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது.

இன்னொரு குழப்பமும் எங்கள் வட்டாரத்தில் உண்டு. ‘மாட்டுக்குச் சிப் போட்டாயிற்று’ என்று சொல்லிக்கொண்டு வருகிறார்கள். பார்த்தால் காதில் மஞ்சள் பிளாஸ்டிக் வில்லை. அதில் 12 இலக்க எண்ணும் பட்டைக் குறியீடும் அச்சிடப்பட்டிருக்குமே தவிர, உள்ளே சில்லு எதுவும் இல்லை. அதைக் காதுவில்லை என்றே எழுதச் சொல்லுங்கள்.

வினவியவர்

மூவருக்கும் நன்றி. கட்டுரையில் ‘நுண்சில்லு’ அப்படியே இருக்கும். முதல் இடத்தில் மட்டும் ‘மைக்ரோசிப் எனப்படும் நுண்சில்லு’ என்று சேர்க்கச் சொல்லியிருக்கிறேன். மாணவி தன் பாட்டி வீட்டுப் பசுவின் காதிலும் சில்லு இருப்பதாக ஒரு வரி எழுதியிருந்தாள்; அதை நானே சிவப்பு மையால் சுழித்தேன்.